சொறிகிற நாய்க்கு என்ன சோறு?

மழை விட்டதிலிருந்து எனக்கு வருகிற கடிதங்களில் அரிப்பைப் பற்றியவைதான் அதிகம். "அலர்ஜியாம், சாப்பாட்டை மாற்றச் சொல்கிறார்கள், எதைக் கொடுப்பது?" என்று எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். பதில்தான் வீட்டுக்கு வீடு வேறு. அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: எங்கள் லேப்ரடார் மணிக்கு நான்கு வயது, 28 கிலோ எடை. ஒரு வருடமாகக் காலை நக்கிக்கொண்டே இருக்கிறான். காது அடிக்கடி நாறுகிறது, தலையை உதறுகிறான். ஊசி போட்டால் கொஞ்ச நாள் நன்றாக இருப்பான், அப்புறம் பழைய கதைதான். காலையில் கோழிக் கால், ஈரல் போட்டு வேகவைத்த சோறு, இரவில் தயிர் சாதம், ஞாயிற்றுக்கிழமை மட்டன் எலும்பு. நாய் உணவு விற்கிற கடையில் ஆட்டுக்கறி போட்ட புதிய பை ஒன்றைக் காட்டி, அலர்ஜிக்கு இதுதான் சரி என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: கொஞ்சம் பொறுங்கள் அம்மா, இப்போது வாங்காதீர்கள். மணிக்கு ஆட்டுக்கறி புதிதல்ல. ஞாயிறு தவறாமல் எலும்போடு தின்றுகொண்டுதான் இருக்கிறான். உணவு ஒவ்வாமையா என்று பார்ப்பதற்காக நாம் கொடுக்கிற உணவு, அந்த நாயின் வாயில் இதுவரை படாததாக இருக்க வேண்டும். பை கடைக்குப் புதிதாக வந்திருக்கலாம், அதனால் மணிக்குப் பயன் ஒன்றுமில்லை.

தண்டையார்பேட்டையில் என் கிளினிக்குக்கு வருகிற எல்லாரிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இவன் இதுவரை என்னவெல்லாம் தின்றிருக்கிறான்? "சோறும் சிக்கனும்தான் டாக்டர், வேறு எதுவும் கொடுக்கிறதே இல்லை" என்பார் அப்பா. பக்கத்தில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பையன் மெதுவாகச் சொல்வான்: "ஆயா தினமும் டீயில் தொட்டுப் பொறை போடும்." நான் நோட்டில் முதலில் எழுதிக்கொள்வது அந்தப் பையன் சொன்னதைத்தான். நீங்களும் இன்றைக்கே ஒரு தாளை எடுத்து வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்து எழுதுங்கள். பொறை, பிஸ்கட், பால், முட்டை, பக்கத்து வீட்டுச் சால்னா, குழந்தை கீழே போட்ட இட்லி, மாத்திரையை ஒளித்துக் கொடுத்த வெண்ணெய், எதையும் விடாதீர்கள். இந்தத் தாள் இல்லாமல் எந்த டாக்டராலும் உங்களுக்குச் சரியான உணவைச் சொல்ல முடியாது.

"நாலு வருஷமாக இதைத்தானே தின்கிறான், இப்போது மட்டும் எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்?" என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒவ்வாமை வருவதே பழகிய உணவின் மேல்தான். உடம்பின் எதிர்ப்பு சக்தி ஒரு புரதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, ஒரு கட்டத்தில் அதை எதிரியாக எடுத்துக்கொள்கிறது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். மாட்டிறைச்சி 34 சதவீத நாய்களுக்கும், பால் பொருட்கள் 17 சதவீதத்துக்கும், கோழி 15 சதவீதத்துக்கும், கோதுமை 13 சதவீதத்துக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அரிசியும் மீனும் ஆளுக்கு 2 சதவீதம்தான். நம் பக்கத்து நாய்கள் தின்று வளர்வது கோழியும் பாலும் பிஸ்கட்டும். அதனால் இங்கே நான் முதலில் சந்தேகப்படுவதும் அவற்றைத்தான்.

ஆனால் உணவுக்குப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. சொறிகிற நாய்க்கெல்லாம் உணவு ஒவ்வாமை இருப்பதில்லை. அதைவிட அதிகம் தெள்ளுப்பூச்சியும் உண்ணியும் சொறிப்பூச்சியும் தூசி ஒவ்வாமையும்தான். மணியை வாசலில் நிற்கவைத்து, வால் தொடங்குகிற இடத்தில் நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாருங்கள். சீப்பில் வருகிற கருப்புத் துகள்களை நனைத்த வெள்ளைத் துணியில் தட்டுங்கள். வெறும் மண் என்றால் மண்ணாகவே கிடக்கும். துகளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கரைந்து வந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், உங்கள் நாயின் ரத்தம். அப்படி இருந்தால் உணவைத் தொடாதீர்கள், முதலில் பூச்சியை ஒழியுங்கள்.

அடுத்து, அரிப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தெள்ளுப்பூச்சிக்கு இடுப்பும் வால் அடியும். உணவுக்கும் தூசிக்கும் பாதம், காது, அக்குள், அடிவயிறு, ஆசனவாய். மணியின் பாதத்தைத் திருப்பி விரல் இடுக்கைப் பிரித்துப் பாருங்கள். வெளிர் நிற முடி துருப்பிடித்த நிறத்துக்கு மாறியிருந்தால் அது எச்சில் கறை. நீங்கள் தூங்கும்போதும் அவன் நக்கிக்கொண்டுதான் இருக்கிறான். இதோடு வருடம் முழுக்க விடாத அரிப்பு, திரும்பத் திரும்ப வருகிற காது நோய், ஒரு நாளைக்கு மூன்று முறைக்கு மேல் மலம், அடிக்கடி வாந்தி, வயிற்று வாயு இவையும் சேர்ந்தால் உணவின் மேல் என் சந்தேகம் பலமாகும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மணிக்கு உணவுச் சோதனை, அதாவது இதுவரை தின்னாத உணவை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது, சரிதான். ஆனால் காதுக்குள் வளர்ந்திருக்கிற ஈஸ்டும் பாக்டீரியாவும் உணவை மாற்றியதால் போகாது. அதற்குத் தனியாக மருந்து போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் உணவு வேலை செய்கிறதா என்றே நமக்குத் தெரியாது.

சரி, என்ன கொடுப்பது? உங்கள் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது: வீட்டில் மீன் வாங்குவதுண்டு, முள் குத்திவிடும் என்று பயந்து மணிக்கு மட்டும் கொடுத்ததே இல்லை. அந்தப் பயம் இப்போது நமக்கு உதவுகிறது. மீன்தான் மணிக்கு என் முதல் தேர்வு. கொடுவா அல்லது ஜிலேபி, இரண்டில் ஒன்று. எதைத் தொடங்குகிறீர்களோ அதையே கடைசிவரை. இன்றைக்குச் சங்கரா, நாளைக்கு வஞ்சிரம் என்று மாற்றக் கூடாது. கானாங்கெளுத்தி, மத்தி, சூரை வேண்டவே வேண்டாம். இவற்றைப் பிடித்ததும் சரியாக ஐஸில் வைக்காவிட்டால் சதையில் ஹிஸ்டமின் சேரும். ஒவ்வாமையில் உடம்பு சுரக்கிற அதே பொருள்தான் அது, வேகவைத்தாலும் போகாது. அரிப்புக்காகச் செய்கிற சோதனையில் அரிப்பைத் தரக்கூடிய மீனைப் போட்டால் எல்லாம் வீண்.

கடல் மீன் வாங்கப் போகிறீர்கள் என்றால் தேதியையும் பாருங்கள். நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகு போகாது, மீன் வரத்து குறையும், வெளியூரிலிருந்து ஐஸில் வருவதுதான் மிஞ்சும். நம் சோதனைக்கு எட்டு வாரம் வேண்டும், அதற்கு முன் உணவை மெதுவாக மாற்ற ஒரு வாரம். பிப்ரவரி முதல் வாரத்துக்குள் தொடங்கினால் தடைக்கு முன் முடிந்துவிடும். அதற்கு மேல் என்றால் வளர்ப்பு மீனான ஜிலேபியே நல்லது.

மீனை உப்பு, மஞ்சள், மிளகாய் எதுவும் போடாமல் வெறும் தண்ணீரில் வேகவைத்து ஆறவிடுங்கள். அப்புறம் கையால் பிசைந்து ஒவ்வொரு முள்ளாக எடுங்கள். கரண்டியால் முடியாது, விரல்தான் முள்ளைக் கண்டுபிடிக்கும். 28 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு முள், தோல் நீக்கிய மீன் ஏறக்குறைய 450 கிராம், சோறு 500 கிராம், ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய். இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். மணி அரிசிச் சோற்றிலேயே வளர்ந்தவன்தான், ஆனாலும் அரிசியால் ஒவ்வாமை வருவது மிகக் குறைவு என்பதால் அதை நான் வைத்துக்கொள்கிறேன். சோற்றின் மேலும் சந்தேகம் வேண்டாம் என்று நினைத்தால் சர்க்கரைவள்ளிக்கிழங்கு போடலாம். வாரம் ஒரு முறை எடை பாருங்கள். குறைந்தால் அளவைக் கூட்டுங்கள்.

ஒரே நாளில் மாற்றினால் வயிற்றால் போகும். முதல் இரண்டு நாள் பழைய சோற்றில் கால் பங்கு புதியது, அடுத்த இரண்டு நாள் பாதி, அடுத்து முக்கால், வார முடிவில் முழுவதும். எட்டு வாரக் கணக்கு முழுவதும் மாறிய நாளிலிருந்துதான் தொடங்குகிறது. உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் ஏறக்குறைய 80 சதவீதம் ஐந்து வாரத்தில் குணம் காட்டும், எட்டு வாரம் காத்திருந்தால் 90 சதவீதத்தைத் தாண்டும். மூன்றாவது வாரத்தில் "ஒன்றும் ஆகவில்லை டாக்டர்" என்று விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறார்கள். கஷ்டமான பகுதியைத் தாண்டிவிட்டு, விடை வருவதற்கு முன்னால் நிறுத்திவிடுகிறார்கள்.

இந்த எட்டு வாரமும் வேறு எதுவும் வாயில் படக் கூடாது. ஒரு துண்டுப் பொறைகூடக் கூடாது. உங்கள் வீட்டிலும் பொறை போடுகிற ஆயா இருந்தால் இதை அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். கோபித்துக்கொண்டால், சோதனை உணவிலிருந்தே ஒரு பிடியைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து அவர் கையில் கொடுங்கள். அவருக்கு வேண்டியது தன் கையால் போடுவது. உண்ணிக்கு மாதாமாதம் கொடுக்கிற மெல்லும் மாத்திரையில் இறைச்சிச் சுவை சேர்த்திருப்பார்கள், பூச்சி மாத்திரை சிலவற்றிலும் இருக்கும். இந்த எட்டு வாரத்துக்கு முதுகில் விடுகிற சொட்டு மருந்துக்கு மாறுங்கள். நாய்களுக்கென்று விற்கிற பற்பசை, மீன் எண்ணெய் மாத்திரையின் ஜெலட்டின் உறை, இவையும் கணக்கில் வரும்.

அரிப்பு குறைகிறதா என்று பார்க்க ஒரு காலண்டர் போதும்: மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டரைச் சமையலறையில் மாட்டி, தினமும் இரவில் அரிப்புக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போடுங்கள். ஒரே ஆள்தான் போட வேண்டும். தவறுதலாக எதையாவது தின்றுவிட்டால் அந்தத் தேதியில் எழுதுங்கள். மறைக்காதீர்கள், நான் திட்ட மாட்டேன், எனக்கு அந்தத் தகவல் வேண்டும்.

ஊசியைப் பற்றி. நீங்கள் சொல்வது ஸ்டீராய்டாகத்தான் இருக்க வேண்டும். அது அரிப்பை அடக்கும், காரணத்தை எடுக்காது. கடைசி ஊசி எந்தத் தேதியில் என்று சொல்லுங்கள், நீண்ட நாள் வேலை செய்கிற ஊசி என்றால் அதன் வேகம் தீரும்வரை உணவின் பலன் தெரியாது. அதற்காக மணியைத் துடிக்க விட வேண்டியதில்லை. முதல் சில வாரங்களுக்குக் குறுகிய நேரம் வேலை செய்கிற மாத்திரை கொடுத்து, அப்புறம் நிறுத்திப் பார்க்கலாம்.

எட்டு வாரத்தில் குணம் தெரிந்தால், எல்லாரும் தவிர்க்க நினைக்கிற ஒன்றைச் செய்யச் சொல்வேன். பழைய உணவைத் திரும்பக் கொடுங்கள். ஆமாம், கோழிக் காலும் தயிர் சாதமும் அப்படியே. உணவு ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பி வரும். வந்தால் அன்றே மீனுக்குத் திரும்பிவிடுங்கள். வராவிட்டால், காது மருந்தாலோ பூச்சி போனதாலோ மழை ஓய்ந்ததாலோதான் அவன் குணமாகியிருக்கிறான். அப்படி இருக்கும்போது வாழ்நாள் முழுக்க அவனுக்குக் கோழியை மறுப்பது என்ன நியாயம்? உறுதியான பிறகு கோழி மட்டும் இரண்டு வாரம், பால் மட்டும் இரண்டு வாரம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தால் எது குற்றவாளி என்று தெரிந்துவிடும்.

கேள்வி: காசிமேட்டில் எங்களுக்குப் படகுத் தொழில். நாட்டு நாய் ப்ளாக்கி குட்டியிலிருந்து மீன் தலையும் கழிவும் தின்று வளர்ந்தது. இப்போது வயிறெல்லாம் சிவந்து அரிப்பு. அலர்ஜிக்கு மீன் நல்லது என்று நண்பன் சொன்னான். நாங்கள் மீன்தானே போடுகிறோம்?
– வாசகர், காசிமேடு

பதில்: தம்பி, உங்கள் நண்பர் சொன்னது அவர் வீட்டு நாய்க்குச் சரியாக இருந்திருக்கலாம். மேலே கொருக்குப்பேட்டை அம்மாவுக்கு நானே மீன்தான் சொல்லியிருக்கிறேன். ப்ளாக்கிக்கு அதையே சொல்ல மாட்டேன், அவன் பிறந்ததே மீனில்தான். அதிலும் வெயிலில் கிடந்த கழிவில் நான் சொன்ன ஹிஸ்டமினும் இருக்கும். முதலில் அந்தக் கழிவை நிறுத்துங்கள். சில நாய்களுக்கு அதுவே போதும்.

அப்புறமும் அரிப்பு இருந்தால், அவன் தின்னாதது எது என்று யோசியுங்கள். கோழி வேண்டாம், உங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமையில் அவனுக்கும் பங்கு இருந்திருக்கும். காடையும் வாத்தும் கோழிக்குச் சொந்தம், ஒன்று ஒத்துக்கொள்ளாத நாய்க்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆட்டுக்கறியும் மாட்டுக்கறியும் இப்படித்தான் ஒன்றுக்கொன்று பக்கம். ப்ளாக்கி இதுவரை பன்றிக்கறி தின்றதில்லை என்றால் கொழுப்பு நீக்கிய பன்றிக்கறி நல்ல தேர்வு, முழுவதும் வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் அதைச் சமைக்க மனமில்லை என்றால் ஆடோ மாடோ, அவன் தின்னாதது எதுவோ அது. 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு எலும்பில்லாத கறி 200 கிராம், சோறு 250 கிராம் என்று தொடங்குங்கள்.

உங்களுக்கு இருக்கிற உண்மையான சிக்கல் வேறு. ப்ளாக்கி அவிழ்த்துவிட்ட நாய். துறைமுகத்தில் ஏலம் நடக்கிற இடத்தில் அவன் தின்னாமல் இருக்க மாட்டான். எட்டு வாரம் கயிற்றில் வைத்துக் காலையும் மாலையும் நடத்திக் கூட்டிப்போக வீட்டில் ஆள் இருந்தால் மட்டும் சோதனையைத் தொடங்குங்கள். ஆள் இல்லை என்றால் கறிக்குச் செலவு செய்யாமல், பூச்சி மருந்தும் தோல் சிகிச்சையும் ஒழுங்காகச் செய்துகொள்வதே அவனுக்கு நல்லது.

கேள்வி: நாங்கள் சைவம். ஏழு வயது பொமரேனியன் ரோஸிக்குப் பாலும் சப்பாத்தியும்தான் உணவு. ஆசனவாயைத் தரையில் தேய்க்கிறாள், கண்ணைச் சுற்றி முடி போய்விட்டது. இறைச்சி கொடுத்தால்தான் சரியாகும் என்று சொன்னால் எங்களால் முடியாது. வேறு வழி இருக்கிறதா?
– வாசகி, சௌகார்பேட்டை

பதில்: இருக்கிறது. இறைச்சி கொடுக்காததால் ரோஸிக்கு இது வரவில்லை. பாலும் கோதுமையும் ஒவ்வாமை தரும் முதல் நான்கில் இரண்டு, அவள் உணவே அவை இரண்டும்தான். முதலில் ஆசனவாய்ச் சுரப்பிகள் அடைத்திருக்கின்றனவா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணைச் சுற்றிய இடத்தில் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் டெமோடெக்ஸ் பூச்சியையும் பார்க்க வேண்டும்.

இரண்டும் இல்லை என்றால், சோயாப் புரதத்தை மிகச் சிறிய துண்டுகளாக உடைத்துத் தயாரித்த மருத்துவ உணவு ஒன்று உண்டு. புரதம் அவ்வளவு சிறிதாகிவிட்டால் உடம்பின் எதிர்ப்பு சக்தி அதைப் பெரும்பாலும் அடையாளம் காணாது. இதை டாக்டரின் சீட்டோடு வாங்க வேண்டும், விலையும் அதிகம். ஆனால் பொமரேனியன் தின்கிற அளவு கொஞ்சம் என்பதால் உங்களுக்குத் தாங்கும். பை வாங்குவதற்கு முன் உள்ளே இருக்கிற பொருட்களின் பட்டியலை முழுவதும் படியுங்கள், விலங்குக் கொழுப்பு சேர்த்ததும் இருக்கலாம். வீட்டிலேயே செய்ய வேண்டும் என்றால், அவள் இதுவரை சோயா தின்னாதவளாக இருந்தால், மீல் மேக்கரை ஊறவைத்துப் பிழிந்து வேகவைத்து உருளைக்கிழங்கோடு பிசைந்து கொடுக்கலாம். பாக்கெட்டில் சோயா மாவைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். நெய், பனீர், மோர் எல்லாமே பால்தான் என்பதையும் வீட்டில் சொல்லிவிடுங்கள். கோயில் பிரசாதத்தில் திராட்சை இருந்தால் அது ஒவ்வாமைக்காக மட்டுமல்ல, எந்த நாய்க்குமே ஆகாது. சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் எந்த உணவு அலர்ஜி என்று ஒரே நாளில் தெரிந்துவிடுமாமே? எட்டு வாரம் காத்திருக்க வேண்டுமா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: காத்திருக்கத்தான் வேண்டும். ரத்தம், எச்சில், முடி என்று எதை வைத்து உணவு ஒவ்வாமை சொன்னாலும் அதை நம்பி உணவைத் தேர்ந்தெடுக்க முடியாது. நோயே இல்லாத நாய்க்கும் நீளப் பட்டியல் வரும். அந்தப் பணத்தை உணவுக்கும் காது மருந்துக்கும் செலவு செய்யுங்கள்.

கேள்வி: பைக்குள் வருகிற உணவில் "தானியம் இல்லாதது" என்று போட்டிருந்தால் அலர்ஜிக்கு நல்லதா?
– வாசகர், கொளத்தூர்

பதில்: அந்த ஒரு வரிக்காக வாங்காதீர்கள். ஒவ்வாமைக்குக் காரணம் தானியத்தைவிட இறைச்சியும் பாலுமாகத்தான் அதிகம் இருக்கிறது. தானியத்தை எடுத்துவிட்டுப் பட்டாணியும் பருப்பும் நிறையப் போட்ட உணவுகளுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு இருக்கலாமோ என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-ல் விசாரணையே தொடங்கியது. பையின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்னால் "ஆட்டுக்கறி" என்று கொட்டை எழுத்தில் இருக்கும், பின்னால் பொடி எழுத்தில் கோழிக் கொழுப்போ கோழித் தூளோ இருக்கும். அதுவும் தவிர, சாதாரணப் பைகளில் பட்டியலில் சொல்லாத இறைச்சியும் கலந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுபிடித்திருக்கின்றன. அதனால்தான் சோதனைக் காலத்தில் வீட்டுச் சமையல் அல்லது மருத்துவ உணவு, இரண்டில் ஒன்று என்கிறேன்.

கேள்வி: நீங்கள் சொன்னபடியே எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டுக்குச் சோதனை செய்து, கோழிதான் காரணம் என்று உறுதியாகிவிட்டது. இப்போது முயல் கறியும் சோறும் தின்று நன்றாக இருக்கிறான். இதையே எப்போதும் கொடுக்கலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: முதலில் உங்களுக்குப் பாராட்டு. கடைசிவரை பொறுமையாக நின்றிருக்கிறீர்கள். ஆனால் இப்படியே தொடர வேண்டாம். கறியும் சோறும் வளர்ந்த நாய்க்குச் சில வாரங்களுக்குத் தாங்கும். அதிலேயே வருடக்கணக்கில் ஓட்டினால் கால்சியம், துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ எல்லாம் குறைந்துவிடும். எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் கொஞ்சம். உணவில் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். குட்டியாகவோ சினையாகவோ இருந்தால் சோதனைக்குக்கூட இந்த வீட்டுச் சமையலை நான் சொல்லியிருக்க மாட்டேன், மருத்துவ உணவுதான்.

உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, கோழி இல்லாத முழுமையான பை உணவாகப் பார்த்து மெதுவாக மாறுவது. அதற்கும் காலண்டரில் மார்க் போட்டு இரண்டு வாரம் பார்க்க வேண்டும். இல்லை, வீட்டுச் சமையலைத்தான் விரும்புகிறீர்கள் என்றால் எடையையும் தற்போதைய உணவின் அளவையும் எழுதிக்கொண்டு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உங்கள் டாக்டரிடமோ போய், அதற்கேற்ற தாது உப்பு, வைட்டமின் கணக்கைப் போட்டு வாங்குங்கள். மனிதர்களுக்கான சத்து மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள், வைட்டமின் டி அளவு மீறினால் நாய்க்கு ஆபத்து. முயல் எலும்பு வெந்தால் ஊசியாக உடையும், அதையும் கொடுக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு பெண் நாய்க்கு முடியெல்லாம் கொட்டித் தோல் தடித்துவிட்டது. நான்கைந்து வீட்டில் சோறு வைக்கிறோம். பிரியாணி தின்றதால் வந்த அலர்ஜி என்கிறார்கள். மெக்கானிக் கடைப் பையன்கள் பழைய ஆயில் தடவலாம் என்கிறார்கள்.
– வாசகி, வியாசர்பாடி

பதில்: ஆயிலைத் தடவ விடாதீர்கள், கையைப் பிடித்துத் தடுங்கள். நாய் அதை நக்கும், ஆயில் வயிற்றுக்குள் போகும், தோல் வழியாகவும் இறங்கும். ஈரல் கெடும். இருக்கிற நோயோடு புதிதாக விஷத்தையும் சேர்க்கிறோம்.

நீங்கள் சொல்கிறபடி பார்த்தால் இது உணவு ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு குறைவு. தெரு நாய்க்கு முடி கொட்டித் தோல் தடித்தால் நான் முதலில் சொறிப்பூச்சியைத்தான் நினைப்பேன். காது ஓரத்திலும் முழங்கை முட்டியிலும் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். சோறு வைக்கிற உங்களில் யாருக்காவது கையிலோ வயிற்றிலோ சிவந்த பொரிகள் வந்து இரவில் அரித்தால், அந்தப் பூச்சிதான் என்பது கிட்டத்தட்ட நிச்சயம். இதற்கு இப்போது நல்ல மாத்திரை இருக்கிறது, சோற்றில் வைத்தே கொடுத்துவிடலாம். எடையைப் பார்த்து டாக்டர் எழுதித் தர வேண்டும். நாயைப் பிடித்து வர முடியுமானால் திரு.வி.க. நகரில் மாநகராட்சியின் செல்லப்பிராணிகள் சிகிச்சை மையம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். பிடிக்க முடியாவிட்டால் செல்போனில் பக்கவாட்டிலிருந்தும் காதருகிலும் படம் எடுத்துக்கொண்டு பக்கத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

நான்கைந்து வீட்டுச் சோறு தின்கிற நாய்க்கு உணவுச் சோதனை நடக்காது, அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். பிரியாணி வைப்பதை மட்டும் எல்லாரும் நிறுத்துங்கள். அதிலிருக்கிற வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வெந்த எலும்பு குடலைக் கிழிக்கும். வெறும் சோறும் வேகவைத்த முட்டையும் அவளுக்குப் போதும். குணமானதும் கருத்தடைக்கும் ஏற்பாடு செய்யுங்கள், குட்டி போட்டுப் போட்டு இளைத்த உடம்பில்தான் சொறி திரும்பத் திரும்ப வரும்.

கேள்வி: உணவுச் சோதனை நடக்கிற சமயத்தில் ரேபிஸ் ஊசி போடும் தேதி வருகிறது. தள்ளிப்போடலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: தள்ளிப்போடாதீர்கள். சோதனை பார்ப்பது வாய் வழியாகப் போவதை, தடுப்பூசியால் அது கெடாது. நாய்க்குக் காய்ச்சல் இருந்தாலோ, ஸ்டீராய்டு மாத்திரை அதிக அளவில் போய்க்கொண்டிருந்தாலோ மட்டும் ஊசி போடுவதற்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள், எந்தத் தேதியில் போடுவது என்று அவர் முடிவு செய்வார். ஊசி போட்ட பிறகு சமர்த்தாக இருந்தான் என்று அங்கே யாராவது பிஸ்கட் நீட்டினால் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கையில் கொஞ்சம் சோதனை உணவை டப்பாவில் கொண்டுபோயிருந்தால் அதைக் கொடுக்கலாம்.